வளராத செடி

பிப்ரவரி 9

மருமகளுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நலம் என்றுதான் நீ எழுதப் போகிறாய். அதனால் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டாயே, என்ன பேசினாய் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. காது மெஷினை மாட்டிக்கொண்டு போனை வைத்தால் விசில் அடிக்கிறது. கழற்றிவிட்டு வைத்தால் யாரோ கிணற்றுக்குள் இறங்கி முணுமுணுப்பது போல் இருக்கிறது. நான் பாட்டுக்கு "சரி சரி" என்று சொல்லி வைத்தேன். எதற்குச் சரி சொன்னேன் என்று நீயே எழுது. இனிமேல் நமக்குள் கடிதம்தான். தபால்காரரும் நம்மை விட்டால் கரண்ட் பில்லைத்தவிர வேறு எதைக் கொண்டு வரப் போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மீன் தொட்டியை நான் என்ன செய்வது? உன் புருஷன் வைத்துவிட்டுப் போனான். நீ விட்டுவிட்டுப் போனாய். நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். தையல் மெஷினுக்கு நேர் எதிரே இருக்கிறது. தலையை நிமிர்த்தினால் அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டியிருக்கிறது.

மீனாவது தீனி போட்டால் வாயைத் திறக்கிறது. இந்தச் செடிகள் இருக்கிறதே! நீ போன அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒரு இலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிளாஸ்டிக்கோ என்று சந்தேகம் வந்து ஒரு இலையை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். உயிருள்ளதுதான். ஆனால் இலைமேல் இப்போது பழுப்பாக, பஞ்சு பஞ்சாக ஏதோ படிகிறது. துடைத்தால் போகமாட்டேன் என்கிறது. அந்த விளக்கை நான் அணைப்பதில்லை. அணைத்தால் ஹால் இருட்டாகிவிடுகிறது.

உன் நாத்தனார் வந்திருந்தாள். தொட்டியைப் பார்த்துவிட்டு, "யாருக்காவது தூக்கிக் குடுத்துடும்மா. அவ எங்க திரும்பி வரப் போறா?" என்றாள். வாயை மூடு என்றேன். என் வயிற்றில் பிறந்ததற்கு என் வாய்தான் வரும், வேறென்ன வரும்.

ஆறு மாதம் என்று சொல்லிவிட்டுப் போனாய். அங்கேயே இருக்கிறீர்களா, பழைய இடத்துக்கே போகிறீர்களா என்று ஜூன் மாதம் உங்கள் லேபில் கேட்பார்கள் என்றும் சொன்னாய். என்ன சொல்லப் போகிறாய்? எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நீ திரும்பி வர வேண்டும். இரண்டு பேர் இருந்தால்தான் அது வீடு.

அத்தை


பிப்ரவரி 27

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. மேஜைமேல் இருந்தது, தினமும் பார்த்தேன்.

போனில் நான் கேட்டது கேஸ் சிலிண்டர் வந்ததா என்று. நீங்கள் சரி என்றீர்கள்.

தொட்டி விளக்கைக் காலையில் போட்டு மதியம் கடந்ததும் அணைத்துவிடுங்கள். அந்தச் செடிகளுக்கு அதிக வெளிச்சம் தேவையில்லை. மெதுவாக வளர்பவை என்பதால் வெளிச்சம் கூடினால் அவற்றால் அதைத் தின்று தீர்க்க முடியாது, பாசி தின்றுவிடும். நீங்கள் சொல்லும் பழுப்புப் பஞ்சு அதுதான். ஹாலுக்கு வேறு விளக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரை ஊற்றுங்கள். குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றாதீர்கள். உரம் வேண்டாம். வேறு எதுவுமே வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் அவை நன்றாக இருக்கும்.

இங்கே வேலை அதேதான். காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் வரிசை, கதவு திறப்பதற்கு முன்பே நிற்கிறது. கையில் பட்டையைக் கட்டுகிறேன், நரம்பைத் தொட்டுப் பார்க்கிறேன், ஊசியைப் போட்டு ரத்தம் எடுக்கிறேன். ஊதா மூடிக் குழாய், சிவப்பு மூடி, சாம்பல் மூடி. பெயர் ஒட்டி ரேக்கில் வைத்தால் அடுத்தவர். "உங்க கை நல்ல கை, வலிக்கவே இல்ல" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சொல்லும்போது சிரிக்க வேண்டும் என்று தெரிகிறது. சிரிக்கிறேன்.

அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் மொட்டைமாடியும் தண்ணீர் டேங்குகளும். எனக்குப் போதும்.

ஜூன் பற்றி நான் இன்னும் யோசிக்கவில்லை. யோசிக்க உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுகிறது.

மருமகள்


மார்ச் 15

மருமகளுக்கு,

பத்து நாள் மேஜைமேல் வைத்திருந்தாயாமே. அதை எழுத்திலும் எழுதி அனுப்பியிருக்கிறாய். நல்ல பிள்ளை!

விளக்கு விஷயம் செய்தேன். மதியத்தோடு அணைத்துவிடுகிறேன். தண்ணீரும் மாற்றினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, தொட்டிக்குள் கையை விட்டதுதான் விட்டோம், ஒரு வழியாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று நேற்று மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

ஏன்டியம்மா, அவன்தான் கட்டினான் என்று நீ அன்றைக்குச் சொன்னதோடு சரி, இத்தனை நாள் நான் உற்றுக் கவனிக்கவே இல்லை. அந்தச் செடி ஒன்றுகூட மண்ணில் இல்லையே! எல்லாவற்றையும் கட்டைமேலும் கல்மேலும் கறுப்பு நூலால் கட்டி வைத்திருக்கிறான். கிழங்கு மாதிரித் தண்டு, அதற்குக் கீழே வேர், எல்லாம் அம்மணமாக வெளியே நிற்கிறது. கீழே அவ்வளவு மணல் கிடக்கிறது, வேரில் ஒரு பிடிகூடப் படவில்லை. செடி எப்படி வளரும்? தொட்டி வாங்கத் தெரிந்தவனுக்கு அதில் நடத் தெரியவில்லை.

அந்த முடிச்சைச் சொல்ல வேண்டும். தையல்காரி பெற்ற பிள்ளை போடுகிற முடிச்சா அது? ஒரு முனையைச் சுருக்கு மாதிரி விட்டு, இழுத்தால் அவிழ்ந்து வருகிற முடிச்சு. நூல் முனைகளை வெட்டாமல் அங்கங்கே பிசிறாகத் தொங்க விட்டிருந்தான். என் கைக்குப் பிசிறைப் பார்த்தால் சும்மா இருக்க வராது என்று உனக்குத் தெரியும். நூல் கத்தியை எடுத்து ஒன்றுவிடாமல் வெட்டினேன். கட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த வேரை மெதுவாகப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் மணலில் குழி தோண்டி, தண்டு முழுக்க மூடும்படி ஆழமாக நட்டேன். இப்போதுதான் பார்க்கத் தோட்டம் மாதிரி இருக்கிறது. நீ வந்து பார்த்தால் அசந்து போவாய்.

பாரேன், இனிமேல் எப்படி வளர்கிறது என்று.

அத்தை

நூல் துண்டுகளைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பட்டன் டப்பாவில் வைத்திருக்கிறேன். அவன் கை பட்டது.


ஏப்ரல் 11

அத்தைக்கு,

உடனே எல்லாச் செடிகளையும் மணலிலிருந்து வெளியே எடுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

அவை மண்ணில் நடும் செடிகள் இல்லை. அந்தக் கிழங்குத் தண்டு வெளியே தண்ணீரில்தான் இருக்க வேண்டும். மணலில் புதைத்தால் அழுகிவிடும். கட்டையிலோ கல்லிலோ கட்டி வைத்தால் போதும், வேர் அதையே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நூலால் கட்டியது. எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. கொழகொழவென்று அமுங்கினால் அந்தப் பகுதி போய்விட்டது. நல்ல பகுதி வரும்வரை வெட்டிவிட்டு, மீதியை மறுபடி கட்டையில் கட்டுங்கள்.

உங்கள் கடிதம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. உறையைப் பிரிக்காமல் வேலைக் கோட்டின் பைக்குள் வைத்திருந்தேன். கோட்டைத் துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து வேறு பைக்கு மாற்றினேன். இன்றுதான் பிரித்தேன். பிரித்திருந்தால் செடி பிழைத்திருக்கும் என்று தெரிகிறது.

எனக்கு உங்கள்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை.

மருமகள்


ஏப்ரல் 20

மருமகளுக்கு,

போய்விட்டது.

நீ சொன்னபடி படிக்கும்போதே எழுந்து போய்க் கையை விட்டேன். முதல் செடியை இழுத்ததும் இலைகள் மட்டும் கையோடு வந்தன. தண்டு மணலுக்குள் கஞ்சி மாதிரிக் கிடந்தது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். ஒவ்வொன்றாகத் தோண்டினேன், எல்லாம் அப்படியே. கடைசியில் ஒன்றே ஒன்றில் என் சுண்டுவிரல் அளவுக்குத் தண்டு கெட்டியாக இருந்தது, இரண்டு இலையோடு. அதைக் கட்டையில் கட்டினேன். என் முடிச்சு, அவிழாது.

மீன்கடைக்காரரிடம் போனேன். இந்த இலையைக் காட்டி இதே செடி வேண்டும் என்றேன். "அது எதுக்கும்மா, அது வளரவே வளராது. இதப் பாருங்க, வாரத்துக்கு ஒரு சாண் ஏறும்" என்று பச்சைக் கொடியை நீட்டினார். "எனக்கு வளராத செடிதான் வேணும். வளரவும் கூடாது, சாகவும் கூடாது. இருக்கா இல்லையா?" என்றேன். என் சத்தத்துக்குக் கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர், "உக்காருங்கம்மா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. வேறு செடி வாங்கி வைத்து ஏமாற்றிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

செடி போனால் போகட்டும். என் பிள்ளை தன் கையால் போட்ட முடிச்சு. அவன் சட்டையில் அவன் வாசனை போய்விட்டது, துவைத்துவிட்டார்கள். அவன் செருப்பை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இந்த வீட்டில் அவன் கையால் செய்தது என்று மிச்சமிருந்தது அந்த நாலு முடிச்சுதான். அதை நானே உட்கார்ந்து, முடிச்சுப் போடத் தெரியாதவன் என்று பேசிக்கொண்டே, கத்தி வைத்து வெட்டியிருக்கிறேன். பெற்றவள் செய்கிற வேலையா இது.

பட்டன் டப்பாவை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அழலாம் என்று பார்த்தால் அழுகையும் வரமாட்டேன் என்கிறது.

நீ கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியதற்கு நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது.

அத்தை


மே 3

அத்தைக்கு,

இந்த முறை கடிதம் வந்த அன்றே பிரித்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த முடிச்சுகள் அவர் போட்டவை இல்லை. நான் போட்டேன். இழுத்தால் அவிழ்கிற சுருக்கு, ரத்தம் எடுக்கும்போது கையில் பட்டை கட்டுகிற முடிச்சு. எனக்கு வேறு முடிச்சுப் போட வராது. நீங்கள் வெட்டியது என்னுடையதைத்தான். அதனால் அதை நினைத்து வருத்தப்படாதீர்கள்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. நீங்கள் யூனிஃபார்ம் டெலிவரிக்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தீர்கள். ரொம்ப நாளாகப் பாத்ரூம் வாளியில் ஊறிக்கொண்டிருந்ததே ஒரு கட்டை, தண்ணீர் முழுக்க டீ மாதிரி ஆகிவிட்டது என்று நீங்கள் சத்தம் போடுவீர்களே, அந்தக் கட்டைதான். அவர் மடியில் துண்டை விரித்து அதை வைத்துக்கொண்டு செடியைக் கட்டப் பார்த்தார். நூல் வழுக்கியது. மூன்று தடவை கட்டினார், மூன்று தடவையும் செடி கீழே விழுந்தது. "நகருங்க" என்று நான் வாங்கிக் கட்டினேன். அவர் இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

நான் சுருக்கைப் போட்டதும், "என்ன, எனக்கு ஊசி போடப் போறியா?" என்றார்.

"ஆமா. முஷ்டியை மடக்குங்க" என்றேன்.

நிஜமாகவே மடக்கிவிட்டார். கட்டை மடியிலிருந்து உருண்டு பக்கத்தில் இருந்த வாளியைச் சாய்த்தது, ஹால் முழுக்க டீத் தண்ணீர். துடைக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம், "அம்மா கேட்டா நான்தான் கட்டினேன்னு சொல்லு. தையல்காரி பிள்ளைக்கு முடிச்சுப் போடத் தெரியலைன்னா மானம் போயிடும்" என்றார். நீங்கள் வந்து கேட்டீர்கள். நான் அவர்தான் கட்டினார் என்றேன். அவர் உங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கும்பிடு போட்டார்.

ஏன் இந்தச் செடி, வேறு நல்லதாகப் பூ மாதிரி இருப்பதை வாங்கியிருக்கலாமே என்று அன்று கேட்டேன். "இதுங்களுக்கு அவசரமே கிடையாது. நம்மளத் தொந்தரவு பண்ணாது. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாரு, கட்டையே தெரியாது" என்றார். அடுத்த மாதம் ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மற்றதெல்லாம் என்னால் நினைக்க முடிகிறது. அந்த "ரெண்டு வருஷம்" என்று அவர் சொன்னதைத் தொட முடியவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்போதுமே எழுதமாட்டேன். அவரை ஹாலில் கிடத்தியிருந்தபோது உங்கள் தங்கையிடம் என்னைப் பற்றிச் சொன்னீர்கள். "அவளுக்கென்ன, கண்ணுல ஒரு சொட்டு இல்ல. பாரு, திங்கட்கிழமையே எழுந்து வேலைக்குப் போயிடுவா." நீங்கள் காதோடு காதாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டீர்கள். அப்படி இல்லை அத்தை. உங்கள் குரல் எவ்வளவு பெரிதாக வருகிறது என்று உங்களுக்குத் தெரியாது. எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் என் கண்ணைப் பார்த்தார்கள். அதன்பிறகு வர இருந்ததும் வரவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லியிருந்தது மட்டும் ஞாபகம் இருந்தது.

மருமகள்


மே 14

மருமகளுக்கு,

எல்லாருக்கும் கேட்டதா?

என் தங்கைக்கு எழுதிக் கேட்டேன். கீழ்ப் படிக்கட்டு வரைக்கும் கேட்டதாம். ஏன்டி அப்போதே சொல்லவில்லை என்றால், "சாவு வீட்டுல உன் வாயை யாருக்கா பொத்தறது" என்று பதில் எழுதியிருக்கிறாள். கூடப் பிறந்தவள் லட்சணம்.

சொன்னது சொன்னதுதான். அதை நான் சாப்பிட்டு விழுங்க முடியாது. நான் நெஞ்சிலே அடித்துக்கொண்டு கிடந்தேன், நீ சுவரில் சாய்ந்து நின்றாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொருத்தி என்னோடு சேர்ந்து கத்தினால் தேவலை என்று இருந்தது. அவ்வளவுதான். அது உன் காதில் விழும் என்று தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

இப்போது என்னைக் கேள். அன்றைக்கு அழுததோடு சரி. எல்லாரும் கிளம்பிப் போனபிறகு இன்றுவரை கண்ணில் ஒன்றும் இல்லை. மெஷினை மிதிக்கிறேன், சட்டைக்குக் காலர் வைக்கிறேன், சாப்பிடுகிறேன், படுக்கிறேன். போன வாரம் ஊசி விரலில் ஏறி நகத்துக்குப் பக்கத்தில் வெளியே வந்தது. துணியில் கறை படுகிறதே என்று பார்த்துத்தான் தெரிந்தது. வலிக்கவில்லை. நீ போட்ட ஊசியாக இருந்தால், உன் கை நல்ல கை என்று நானும் சொல்லியிருப்பேன்.

முடிச்சு உன்னுடையது என்று படித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அதுவும் அவனுடையது இல்லையா என்று. டப்பாவைக் கொட்டிவிடப் போனேன். அப்புறம், முஷ்டியை மடக்கினான் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மறுபடி படித்தேன். துண்டு விரித்து மடியில் வைத்திருந்தானா? எந்தத் துண்டு? நீலக் கோடு போட்டதா? கும்பிடு போட்டபோது சிரித்தானா, சத்தம் வராமல் சிரிப்பானே, அப்படியா? இதெல்லாம் உன்னிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை. எனக்குப் பின்னால் நின்றதால் நான் பார்க்கவில்லை. எழுது. உன்னால் முடிகிறபோது ஒவ்வொன்றாக எழுது. தினம் என்ன சாப்பிட்டான் என்பதுகூட எழுது.

எழுதுவதைவிட நீ வந்து சொன்னால் நல்லது. எதிரே உட்கார்ந்தால் உன் உதட்டைப் பார்த்தே எனக்குப் புரியும். நான் இனி உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்றெல்லாம் சத்தியம் செய்ய முடியாது, என் வாய் அப்படி. பேசுவதை உன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறேன்.

ஜூன் வரப் போகிறது. வா.

அத்தை


ஜூன் 21

அத்தைக்கு,

நீலக் கோடு இல்லை, பழைய பச்சைத் துண்டு, ஓரம் கிழிந்தது. சத்தம் வராமல்தான் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

நேற்று லேபில் கேட்டார்கள். இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் சொன்ன வார்த்தைக்காக இல்லை. அதைப் பற்றி எழுதியபிறகு அது கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. வேறு ஒரு காரணம். உங்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. சாயங்காலம் நம் மாடியில் லிஃப்ட் வந்து நின்றால் கதவு ஒரு தடவை இடித்துவிட்டுத் திறக்கும். அவர் வருகிற நேரத்துக்கு அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்துவிடுவேன். தெரியாமல் இல்லை, தெரிந்துகொண்டேதான் எழுந்திருப்பேன். அடுப்பு வரைக்கும் போய் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். "எதுக்கு இப்படி எழுந்து எழுந்து போற, ஒரு இடத்துல உக்காரேன்" என்று நீங்கள் திட்டுவீர்கள். உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்காது. எனக்கு ஒவ்வொரு நாளும் கேட்டது. மூன்று மாதம் அப்படி எழுந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

இந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே இருக்கலாம். சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததுதான் எனக்கு இப்போது வேண்டியிருக்கிறது.

நீங்கள் இங்கே வாருங்கள் என்று எழுத நினைத்தேன். உங்களுக்கு மெஷின், வாடிக்கை எல்லாம் அங்கே. இங்கே ஒரே அறை. உங்களைக் கூப்பிட்டுவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்தபடி என்னால் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. உங்களுக்கு அவருடைய நெற்றி. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்களை விட்டுவிட்டேன் என்று நாத்தனார் சொல்வார். சொல்லட்டும்.

என்னிடம் இருந்த வீட்டுச் சாவியை இதோடு வைத்திருக்கிறேன். வராத வீட்டுச் சாவியை நான் வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை. அவரைப் பற்றிக் கேட்டதெல்லாம் எழுதுகிறேன். அது கட்டாயம்.

மருமகள்


ஜூலை 2

மருமகளுக்கு,

உறையை வாங்கும்போதே உள்ளே சாவி இருப்பது கைக்குத் தட்டுப்பட்டுவிட்டது. என்ன எழுதியிருப்பாய் என்பதும் தெரிந்துவிட்டது. அதனால் உடனே பிரிக்கவில்லை. மெஷினில் இருந்த பேண்ட்டின் கால் மடிப்பை அடித்து முடித்து, பிசிறு வெட்டி, மடித்து வைத்துவிட்டுத்தான் பிரித்தேன். உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

படித்ததும், "போடி" என்றேன். மெதுவாகச் சொன்னேனா சத்தமாகச் சொன்னேனா, யார் கண்டது. கேட்டவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் ரொட்டியைப் பாலில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் போட்டிருப்பேன், அழுகை வந்துவிட்டது. தட்டைத் தள்ளி வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. இத்தனை மாதம் எங்கே ஒளிந்திருந்ததோ. பிள்ளைக்காகத்தான் வருகிறது, வரட்டும் என்று விட்டேன். பாதியில்தான் தெரிந்தது, அது அவனுக்கு இல்லை, உனக்கு. அவன் வரமாட்டான் என்பது எனக்குப் பழகிவிட்டது. நீ வரமாட்டாய் என்பது புதிது. அழுது முடித்தபோது விரலில் ஊசி ஏறிய இடம் வலித்தது.

லிஃப்ட் சத்தம் எனக்குக் கேட்காதுதான். ஆனால் அந்தக் கதவு திறந்தால் நம் வாசல் கதவுக்கு அடியில் கோடு மாதிரி வெளிச்சம் விழும். நானும் தினமும் அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ எழுந்து எழுந்து போனது எரிச்சலாக இருந்ததற்குக் காரணம், நீ குறுக்கே போனால் எனக்கு அந்த வெளிச்சம் தெரியாது. இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறோம், ஒருத்திக்கு ஒருத்தி சொல்லாமல். உனக்கு அது வேண்டாம். எனக்கு அது இல்லாமல் முடியாது. இதில் யார் பக்கம் சரி என்று நான் வழக்குப் பேச வரவில்லை. நீ அங்கேயே இரு. நெற்றியைப் பற்றி எழுதியதற்கும் மன்னிப்பெல்லாம் வேண்டாம். கண்ணாடியில் நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

நாத்தனார் பேச்சை விடு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று அவளிடம் நானே சொல்லிவிட்டேன், அவள் முகத்தைப் பார்த்து. கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, அழுதுகொண்டே கிளம்பிப் போனாள். சரியாகிவிடுவாள்.

பச்சைத் துண்டைத் தேடினேன். மெஷின் துடைக்கிற துணியாக நானேதான் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் எண்ணெய்க் கறை. துவைக்கவில்லை.

சாவியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீ அனுப்பினால் நான் வாங்கி ஆணியில் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தாயாக்கும். நீ ஒருநாள் வருவாய். அடுத்த மாதமோ, நாலு வருஷம் கழித்தோ, பழைய துணியை எடுக்கவோ, சும்மாவோ. பெல்லை அடிப்பாய், கதவைத் தட்டுவாய், எனக்குக் கேட்காது. அத்தைக்கு இன்னும் கோபம், வேண்டுமென்றே திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவாய். நானோ உள்ளே மெஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

தட்டாதே. நீயே திறந்துகொண்டு உள்ளே வா.

அத்தை